கறுப்புப் பூச்சு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உலைச் சூட்டில் நிற்கிறவன், தண்ணீராவது நிறையக் குடி. போனில் உன் பெண்டாட்டி பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கோபப்பட்டாலும் கடைசிவரை படி.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மிஷின் வந்திருக்கிறது. கிருமிநாசினியை இதுவரை கேன் கேனாக வாங்கினார்கள். நெடி மண்டையைப் பிளக்கும். துடைத்துத் துடைத்து என் விரலெல்லாம் தோலுரிந்துவிட்டது. இனி உப்பும் தண்ணீரும் கரண்டும் போதுமாம். நான் நம்பவில்லை. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால், உள்ளே நீ செய்கிற கறுப்புத் தகடுகள்! ஸ்விட்சைப் போட்டதும் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. சாதாரண உப்புத் தண்ணீர் என் கண்ணெதிரே கிருமியைக் கொல்லும் தண்ணீராகிவிட்டது. எனக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. தகட்டில் மருந்தைப் பூசுவதும் உலையில் சுடுவதும், மறுபடி பூசுவதும் சுடுவதும்தான் வேலை என்று நீ சொன்னபோது, தோசைக்கல் வேலையா என்று கேலி செய்தேனே. இது சாமி காரியமடா.

நேற்று ஒரு கூத்து. தகடுகளில் வெள்ளையாக உப்புப் படிந்து மிஷின் மந்தமாகிவிட்டது. துப்புரவுக்காரர்களான எங்களுக்கு ஒரு மேஸ்திரியம்மா உண்டு. பட்டப்பெயர் 'பளபளா'. எதைக் கண்டாலும் தேய்க்காமல் விடமாட்டாள். தகடுகளைக் கழற்றிவைத்துக்கொண்டு, கம்பிநாரும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். "கரிச்சட்டி மாதிரி இருக்கு, இதுலயா பச்சப் புள்ளைங்களுக்குத் தண்ணி செய்றாங்க?" என்கிறாள். பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன். "அது கரியில்லம்மா, அதுதான் உசுரு. சுரண்டினா வெறும் தகரம்தான்" என்று கத்தினேன். வெள்ளை போக வினிகரில் ஊறவைத்தால் போதும் என்று நீ எப்போதோ சொன்னது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. இன்று மிஷின் பழையபடி ஓடுகிறது.

ஏன் அப்படிப் பதறினேன் தெரியுமா? குறைமாதக் குழந்தைகளின் கண்ணாடிப் பெட்டிகளை அந்தத் தண்ணீரில்தான் துடைக்கிறேன். ஜன்னலோரப் பெட்டியில் இருப்பது உன் மகள். இன்னும் நாள் இருக்கிறது என்று நீ நினைத்திருப்பாய், அவள் முந்திக்கொண்டாள். இரண்டு கையில் அடங்கிவிடுவாள். மூக்கு அச்சு அசல் உன்னுடையது. கிருமி மட்டும் அண்டாமலிருந்தால் தேறிவிடுவாள் என்கிறார் டாக்டரம்மா. அந்தத் துளி நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

உனக்குத் தெரிவிக்க வேண்டாம் என்றாள் உன் பெண்டாட்டி. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கறை எது, பூச்சு எது என்று தகட்டில் கண்டுபிடிக்கிறவனுக்கு, அவள் கோபத்தில் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே.

அந்தத் தகடு நீ பூசியதோ, வேறு யார் பூசியதோ. பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம், "உங்கப்பா அனுப்பின தண்ணிடி" என்று உன் மகளிடம் சொல்லிவருகிறேன். அத்தை பொய்க்காரி ஆகக் கூடாது.

பெட்டியில் கை விட ஒரு துவாரம் இருக்கிறது. விரலை நீட்டினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். உன் விரலில் ஏறிய கறுப்பு போகவில்லையே என்று தயங்காதே. கழுவினால் போதும், தேய்க்க வேண்டாம். அப்படியே வா.

உன்னையும் சேர்த்தே வாழ்த்தும்,
அக்கா