பால் டின்னில் ஒரு பிடி மண்

டயகம தேயிலைத் தோட்டம், இலங்கை
12.3.1979

யேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி இராயப்பனுக்கு அக்கா சிசிலி எழுதுவது. சுகம் என்று எழுத மனம் வரவில்லை. இன்று அம்மாவுக்கு நாற்பதாம் நாள் பூசை முடிந்தது.

உன் கம்பெனியிலிருந்து மிஷினில் அடித்த இங்கிலீஷ் கடிதம் வந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்து யேசுரட்ணம் மாஸ்டர் வாசித்துச் சொன்னார். அமெரிக்காவில் நீ படித்த யூனிவர்சிட்டிக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்கிறாயாம், அம்மா பெயரை வைக்கிறாயாம், அம்மா படம் வேண்டுமாம். கையெழுத்து யாரோ ஒரு பெண்ணுடையது.

உன் கம்பெனிக்கு என்ன வேலை என்று மாஸ்டரைக் கேட்டேன். "கம்பெனிப் பங்கு வாங்கி விக்கிறவங்ககிட்ட மத்த தரகருங்க புடுங்குறதுல கால்வாசிதான் ஒங்க தம்பி வாங்குறாராம். அதான் சின்னச் சம்பளக்காரனெல்லாம் அங்க போறானாம்" என்றார். சிரிப்பு வந்தது. அப்பா மலைக்கு வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும், ஆள் சேர்த்துவிட்ட கங்காணிக்குத் தலைக்காசு போகும். "வேல நம்மளுது, நடுவுல இவருக்கு எதுக்கு?" என்று பத்து வயதில் கேட்டு அடி வாங்கியவன் நீ.

நடுவில் ஆள் வேண்டாம் என்று கம்பெனி வைத்தவன், அக்காவிடம் பேச ஆள் வைத்திருக்கிறாயே.

குழியில் மண் போடும்போது, "மகன் பிடியையும் நானே போட்டுர்றேன்" என்று மத்தியாஸ் சித்தப்பா குனிந்தார். "வேணாம் சித்தப்பா, அது அவன் கையால விழணும்" என்று தடுத்துவிட்டேன். உன் பிடி மண் பால் டின்னில் இருக்கிறது. வந்து போடு.

அக்கா சிசிலி

20.8.1979

தம்பிக்கு,

மறுபடியும் மிஷின் கடிதம். திறப்பு விழாவுக்கு எனக்கு டிக்கட் அனுப்புவார்களாம். நான் எப்படி வர? ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிறார்களே, எங்களுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அக்டோபர் பத்தாம் தேதி ஹட்டனில் ரயில், பிறகு தலைமன்னாரில் கப்பல். அதற்குள் வா. நாங்கள் போய்விட்டால் அம்மா குழி எது என்று உனக்குக் காட்ட ஆளில்லை. நட்ட சிலுவையும் மழையில் சாய்ந்துவிட்டது.

பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம் ஒன்றுதான் அம்மாவுக்கு உண்டு. அனுப்புகிறேன். நெற்றிக்கு மேலே கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்திய தழும்பு தெரியும். அதை அழித்துவிட வேண்டாம் என்று சொல்.

சிசிலி

நியூயார்க்
14.9.1979

அக்கா,

இதை நானே எழுதுகிறேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. தமிழ் எழுத்து கைக்கு வரவில்லை.

அக்டோபர் எட்டாம் தேதி திறப்பு. ஐந்நூறு பேருக்கு அழைப்புப் போய்விட்டது. அதெல்லாம் சாக்கு. அம்மா உயிரோடு இருந்தபோது வராதவனுக்கு இப்போது குழியைப் பார்க்கத் தைரியம் இல்லை. சித்தப்பாவையே போடச் சொல்லுங்கள்.

இராயப்பன்

டயகம
9.10.1979

தம்பி,

உன் கையெழுத்தைப் பார்த்து அழுதேன். இந்தியாவுக்குக் கொண்டுபோகும் பெட்டியில் முதலில் வைத்தது அந்தத் தாளைத்தான்.

சித்தப்பாவிடம் சொல்லவில்லை. நானும் போடவில்லை. டின்னைத் துணியில் தைத்து உன் பெயருக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். அம்மா பெயர் எழுதிய கட்டடத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது வெறும் தரை இருக்குமே? அங்கே போடு. வேலைக்காரனிடம் கொடுத்துவிடாதே.

எங்களை எந்த ஊரில் இறக்குவார்கள் என்று தெரியாது. விலாசம் கிடைத்ததும் எழுதுகிறேன். நீ போட்டுவிட்டு எழுது. பிழையாக இருந்தாலும் தமிழில் எழுது. அங்கே இங்கிலீஷ் வாசித்துச் சொல்ல எனக்கு மாஸ்டர் இல்லை.

அக்கா