ரேடியேட்டருக்குள் என் மூக்கு

ஜனவரி 9, செவ்வாய்

பிக்கப் மானத்தை வாங்கிவிட்டது. சந்தைக்கு நடுவில் புகை கிளம்பி, எல்ஜெம் ஊரே வேடிக்கை பார்த்தது. ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், தண்ணீர்மேல் எண்ணெய் மிதக்கிறது.

வருகிற 21ஆம் தேதி மஹ்தியா போயாக வேண்டும். மகள் ரீமைப் பெண் கேட்டவர்கள் வீடு. பரம்பரை ஆலிவ் எண்ணெய்க்காரர்கள். என் சொந்த மரத்து எண்ணெயில் இரண்டு பெரிய கேன் நிரப்பி எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வட்டாரமே தன் எண்ணெயை என் மூக்குக்கு முன்னால் நீட்டித் தீர்ப்புக் கேட்கும். அந்த மூக்குக்காரனின் எண்ணெய் என்றால் சும்மாவா! அதைக் கொண்டுபோய்ப் பேருந்தில் இறங்கவா?

ஜனவரி 10, புதன்

மெக்கானிக் லஸ்அத் வண்டியைப் பார்த்தான். பார்த்தானா என்பதே சந்தேகம். மூடியைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டான். "ஹெட் கேஸ்கட் போச்சுண்ணே, அதான் இஞ்சின் ஆயில் தண்ணியில கலக்குது. இஞ்சினப் பிரிக்கணும். மாசக் கடைசி ஆயிடும்." காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாலும் இவன் கேஸ்கட் என்றுதான் சொல்வான்.

காபிக் கடையில் இன்னும் மோசம். ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். இஞ்சினில் விரிசல் என்றார் தபால்காரர். அவருக்குச் சொந்தமாக வண்டியே கிடையாது. மச்சினன் மபுரூக் மட்டும், "என் வேன்ல போலாமே மச்சான்" என்றான். ஆடு ஏற்றுகிற வேன். இந்த மூக்கை வைத்துக்கொண்டு அதில் எப்படி உட்காருவது?

ஜனவரி 11, வியாழன்

இஞ்சின் ஆயில் கம்பியை எடுத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அளவு கொஞ்சமும் இறங்கவில்லை. அப்படியானால் தண்ணீரில் மிதப்பது யார் வீட்டு எண்ணெய்?

ஜனவரி 13, சனி

இன்று என் நாள்!

லஸ்அத் ஸ்பானரோடு வந்தான். "நில்லுடா" என்றேன். ரேடியேட்டருக்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தேன். இஞ்சின் ஆயில் என்றால் கறுத்திருக்கும், கருகிய வாடை அடிக்கும். இது மஞ்சள்.

"லஸ்அத், இது ஆலிவ் எண்ணெய்டா."

பட்டறையே சிரித்தது. "ரொட்டி வாங்கிட்டு வரச் சொல்லட்டாண்ணே?" என்றான். பிறகு எனக்குப் பாடம் எடுத்தான். ஆயிலுக்கு அழுத்தம் ஜாஸ்தியாம், அதனால் ஆயில் தண்ணீருக்குள் போகுமாம், தண்ணீரில் கலந்தால் நிறம் மாறுமாம்.

"சரி. சோப்புத் தூள் போட்டு நல்லா கழுவு. புதுத் தண்ணி ஊத்தி ஓட்டிப் பார்ப்போம். திரும்ப எண்ணெய் வந்துச்சுன்னா இஞ்சின என்ன வேணா பண்ணிக்கோ."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் கூடிவிட்டதே! இன்னொரு தடவை முகர்ந்து தீர்ப்பையும் கொடுத்தேன். "நம்ம பக்கத்துக் காய்தான். பறிச்சதை மூட்டையிலேயே புழுங்க விட்டிருக்கான். ஒரு சோம்பேறிப் பய. இதையெல்லாம் மனுஷன் வாயில வைப்பானா?"

சிரித்தவர்களே கை தட்டினார்கள்.

ஜனவரி 14, ஞாயிறு

கழுவியாயிற்று. சூஸ் நகரம் வரை போய்த் திரும்பினேன். தண்ணீர் கண்ணாடி. சூடும் ஏறவில்லை.

"உங்க மூக்கு மூக்குதாண்ணே" என்று லஸ்அத் ஒத்துக்கொண்டான். பிறகு, "ஆமா, அது எப்படி உள்ள போச்சு?" என்றான்.

எவனோ பொறாமைக்காரன் வேலை. போன வாரம் வைக்கோல் ஏற்ற வண்டியை இரவல் வாங்கியது யார்? மபுரூக். நாளைக்கு இருக்கிறது அவனுக்கு.

ஜனவரி 15, திங்கள்

சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவன் திருதிருவென்று விழித்தான். "வண்டி சூடாச்சு மச்சான். சீட்டுக்குப் பின்னாடி இருந்த தண்ணிக் கேனத்தான் ஊத்தினேன். குளிருக்குத் தண்ணி ஏன் குழகுழன்னு வருதுன்னு நெனச்சேன்."

அந்தக் கேனைத் திறந்து பார்த்தேன். அடியில் நெய்போல உறைந்து கிடக்கிறது. எண்ணெய் ஆட்டிய அன்று கேன் பற்றவில்லை. தண்ணீர்க் கேனிலும் கொஞ்சம் பிடித்து வந்தேன். வீட்டு ஜாடியில் கவிழ்த்தேன். அந்தக் கேனைக் கழுவாமல் திரும்பத் தண்ணீர் பிடித்தேன். நானேதான்.

இரு. அப்படியானால் அந்தச் சோம்பேறி—

உள்ளே ஓடிப்போய் ஜாடியைத் திறந்தேன். அதே வாடை. மஹ்தியாவுக்கு நிரப்பி வைத்த கேன்களிலும் அதே வாடை. அட கடவுளே.

வாசலில் என் மனைவி ஸல்ஹா நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஆட்டின அன்னிக்கே தெரியும். உங்களுக்கு அப்போ ஜலதோஷம். மூக்கச் சிந்திக்கிட்டே 'ஆகா, இதுதான் எண்ணெய்'ன்னீங்க. வேணாங்கன்னு வாயத் தொறந்தேன். 'உனக்கு என்ன தெரியும்'னீங்க."

"தினம் ரொட்டியில தொட்டுத் திங்கிறேனே? நல்லாத்தானே இருக்கு?"

"அது எந்தம்பி வீட்டு எண்ணெய்."

ஒரு மாதமாக மபுரூக்கின் எண்ணெயைத் தின்றுவிட்டு, மபுரூக்கிடமே என் மரத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். தம்பியும் அக்காவும் என்னமாய் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! ஊரார் எண்ணெயை முகர்ந்துகொண்டு மில்லிலேயே கிடந்தேன். என் காய் மூட்டையில் புழுங்கியது. வெட்கமாக இருக்கிறது. வேறென்ன எழுத?

ஜனவரி 16, செவ்வாய்

அந்தக் கேன்கள் மட்டும் மஹ்தியா போய்ச் சேர்ந்திருந்தால்! பிக்கப் குடித்துக் காட்டிக்கொடுத்ததால் ரீம் தப்பித்தாள்.

ஜனவரி 21, ஞாயிறு

பிக்கப் ஜம்மென்று ஓடியது. பக்கத்தில் மபுரூக். பின்னால் அவன் வீட்டு எண்ணெய், நான்தான் கேட்டு வாங்கினேன். அவன் ஒரு குத்தல்கூடப் பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சம்பந்தி ரொட்டியைத் தோய்த்துத் தின்று கண்ணை மூடினார். "அடேயப்பா. உங்க மரமா?"

'ஆமாம்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மபுரூக் கூரையைப் பார்த்தான். ஸல்ஹா என்னைப் பார்த்தாள். ரீமும்தான்.

"இல்லீங்க, மச்சினன் மரம். எனக்கு நல்ல எண்ணெய் எதுன்னு சொல்லத்தான் தெரியும். ஆட்டத் தெரியாது."

சம்பந்தி தொடை தட்டிச் சிரித்தார். "எண்ணெய் விஷயத்துல உண்மை பேசுற ஆள இப்பத்தாங்க பாக்குறேன்!" நோன்புப் பெருநாள் கழிந்ததும் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது.

மார்ச் 2, சனி

என் எண்ணெய் முழுவதையும் ஸல்ஹா பச்சைச் சோப்பாகக் காய்ச்சிவிட்டாள். பட்டறைக்கு ஒரு கட்டி கொடுத்திருந்தேன். இன்று லஸ்அத் வழி மறித்தான்.

"அண்ணே, கிரீஸெல்லாம் ஒரே தேய்ப்புல போகுது! யார் வீட்டு எண்ணெய்ல பண்ணது?"

"யாரோ ஒரு சோம்பேறிப் பய வீட்டு எண்ணெய்."

"அவன்கிட்ட இன்னும் ரெண்டு கட்டி கிடைக்குமா?"

வீட்டுக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தேன்.