என் பேரில் ஒரு பாலிசி

லம்பா லைன், போர்ட் பிளேர்
3.6.2024

அன்புள்ள வைஜெயந்தி,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் இதை எழுதி, லாங் ஐலண்டுக்கு வரும் போட்டில் வேலை பார்க்கும் ராக்கப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். மீனா சென்னையில் நன்றாகப் படிக்கிறாள். நான்தான் நீ போனதிலிருந்து என் சமையலை நானே தின்று இளைத்துக் கிடக்கிறேன்.

கோபித்துக்கொண்டு போய் லாங் ஐலண்டில் சாப்பாட்டுக் கடை போட்டாய். அதையும் பொறுத்துக்கொண்டேன். இப்போது உன் பேரில் தனியாக மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுக்கப் போகிறாயாமே? தலைவலி மாத்திரைகூடப் போடாதவள் நீ. என் ஆபீஸ் மெடிக்கல் கார்டில் உன் பெயர் இருக்கிறது. நாளைக்கே உன்னை மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அது பார்த்துக்கொள்ளும். அப்புறம் எதற்கு வெட்டிச் செலவு? கோபம் தீர்ந்ததும் கிளம்பி வா.

உன்
பாலகுமார்

லாங் ஐலண்ட்
8.6.2024

மீனா அப்பாவுக்கு,

நான் நலம். நலமாக இருப்பதால்தான் இப்போதே எடுக்கிறேன். சுகர் இல்லை, பிரஷர் இல்லை என்று டாக்டர் சோதித்துச் சொல்லிவிட்டார். ஏதாவது வந்த பிறகு போய் நின்றால் பிரீமியத்தைக் கூட்டுவார்கள், அந்த நோய்க்குச் சில வருஷம் பொறு என்பார்கள், முடியாது என்றுகூடச் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டியவளுக்கு இதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை. பணம் என் கடை வருமானம், உங்களுக்குச் செலவில்லை.

உங்கள் கார்டு நல்ல கார்டுதான். ஆனால் நம் வீட்டுச் சண்டையெல்லாம் எங்கே போய் முடியும்? "கார்டுல இருந்து உன் பேர எடுத்துட்டேன்னா, நாளைக்குப் படுத்துக் கிடக்கறப்ப யாருடி பாத்துக்குவா?" இப்படி நீங்கள் சொன்ன உடனே நான் வாயை மூடிக்கொள்வேன். பயத்தில்தான் மூடினேன். அந்தப் பயம் எனக்கு அலுத்துப்போய்விட்டது.

சாம்பாரில் புளியைக் குறையுங்கள். நீங்கள் கெடுப்பது அங்கேதான்.

வைஜெயந்தி

லம்பா லைன்
14.6.2024

வைஜெயந்தி,

கோபத்தில் சொன்னதையெல்லாம் முடிந்து வைத்திருக்கிறாய். சரி, இப்போது நிதானமாகவே சொல்கிறேன். உன் பேரில் பாலிசி வந்தால், மறுநாளே ஆபீஸில் சொல்லி கார்டிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவேன். யோசித்துக்கொள்.

புளியைக் குறைத்தேன். பரவாயில்லை.

பாலகுமார்

லாங் ஐலண்ட்
2.7.2024

மீனா அப்பாவுக்கு,

பாலிசி வந்துவிட்டது. அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் பாயசம் ஊற்றினேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்றேன். சிரித்தார்கள்.

சொன்னபடி என் பெயரை எடுத்துவிடுங்கள். கோபத்தில் எழுதவில்லை, நிம்மதியாகத்தான் எழுதுகிறேன். இனி நான் அந்த வீட்டுக்கு வந்தால், போக்கிடம் இல்லாமல் வந்தாள் என்று நீங்களும் நினைக்க முடியாது, நானும் நினைக்க மாட்டேன். உங்கள் மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் போகவில்லை. ஆனால் இத்தனை வருஷமாக நீங்கள் "வா" என்பீர்கள், "போ" என்பீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதே இல்லை.

வைஜெயந்தி

லம்பா லைன்
9.7.2024

அன்புள்ள வைஜெயந்தி,

வீம்பாக ஆபீஸுக்குப் போனேன். உன் பெயரை எடுக்க வேண்டும் என்றதும் கிளார்க் நிமிர்ந்து, "க்யோன் பாய், பீவி நஹீன் ஹை க்யா?" என்றார். ஏன், உனக்குப் பொண்டாட்டி இல்லையா என்கிறார். "ஹை" என்றேன். இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, அவள் பெயரை எடு என்று எப்படிக் கேட்பது? வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பெயர் அங்கேயே இருக்கட்டும். உனக்கு அது தேவையில்லை என்று தெரியும். உன்னை மிரட்ட என்னிடம் இனி ஒன்றும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் லேசாகவும் இருக்கிறது.

சனிக்கிழமை போட்டில் நான் வரட்டுமா? கூட்டிக்கொண்டு போக இல்லை, உன் கடையில் சாப்பிடத்தான். ராக்கப்பனிடம் பதில் சொல்லி அனுப்பு. வேண்டாம் என்றாலும் சொல்லி அனுப்பு.

பாலகுமார்