கூடாரத்துக்கு விரித்த உன் படங்கு

அக்கா,

உன் படங்கு இன்னும் காயவில்லை. கொழும்பு வெள்ளவத்தை வீட்டு மாடிக் கொடியில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொங்குகிறது. கொழுந்து பறிக்கப் போகையில் நீ இடுப்பில் சுற்றிக் கட்டிய அந்த முரட்டுத் துணியில் தேயிலை வாடை இன்னும் போகவில்லை. கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிறது.

தனியாக நம் ஊர்ப் பக்கம், காசல்ரீக்குப் போயிருந்தேன். ஓர் இரவு நீர்த்தேக்கத்துக்கு மேலே கூடாரம். மறுநாள் தண்ணீரை ஒட்டியே நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டு வரை நடை. அதே மேட்டில் வெள்ளைக்காரர்கள் கூடாரம் அடித்திருந்ததை நீ ஒருநாள் காட்டினாயே. "வூடு வாசல வுட்டுட்டு பனியில வந்து படுக்குதுக பாருடா, லூசுங்க!" நானும் ஒருநாள் படுப்பேன் என்றேன். "படு, படு. என் படங்க விரிச்சுக்க, இல்லாட்டி அட்ட ஏறிரும்" என்று சிரித்தாய். நீ சொன்னாய் என்றுதான் எடுத்துப் போனேன்.

காலையில் அதைக் கூடாரக் கயிற்றில் உலரப் போட்டுவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். நம் தோட்டத்துப் பெண்கள் வேலைக்கு ஏறி வந்தார்கள். முன்னால் வந்த வயதான அம்மா நின்றார்.

"தம்பி எந்தூருங்க?"

"கொழும்பு. சும்மா சுத்திப் பார்க்க வந்தேன்."

வாய் கூசவில்லை, அக்கா. அந்தப் பதில் எனக்கு அவ்வளவு பழகிவிட்டது.

அவர் கயிற்றைப் பார்த்தார். "கொழும்புலயும் படங்கு கட்டிக்கிட்டா வேலைக்குப் போறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டவன், நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் படங்கின் ஓரத்தைத் திருப்பினார். நீ தைத்த நீல ஒட்டுத் துணியைத் தடவிப் பார்த்தார்.

"இந்த ஒட்டுத் துணி நான் குடுத்ததுல்ல? அவ தம்பியாய்யா நீ?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அவ பேர ஒரு வார்த்த சொல்லியிருந்தா லயத்து வூட்டுல பாய் போட்டிருப்போமே. ஏன்யா இந்தப் பனியில கெடந்த?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன் பகல் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்துவிட்டு மலைக்கு ஏறிப் போனார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே நோட்டன் பக்கம் நடந்தேன். காசல்ரீயும் அழகாகத்தான் கிடந்தது, நோட்டன் தண்ணீரும் அழகாகத்தான் கிடந்தது. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முகமில்லை. எதிரே ஆள் வந்தால், எந்த ஊர் என்று கேட்டுவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

இன்று காலை பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஐயா மாடிக்கு வந்தார்.

"உதென்ன தம்பி, கூடாரச் சீலையோ?"

ஆமாம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வாய் வரை வந்தது. "இல்லிங்க ஐயா, எங்க அக்கா கொழுந்து பறிக்கையில கட்டுன படங்கு. அக்கா போன வருசம் தவறிட்டாங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "இவ்வளவு காலம் பக்கத்தில இருக்கிறம். உமக்கொரு அக்கா இருந்தவவோ?"

அந்தக் கேள்வியைத்தான் இப்போது தூக்கிக்கொண்டு திரிகிறேன், அக்கா.