பற்றவைத்த பிஸ்கட் டப்பா

ஹிமேஜி, ஜூன் 12, 1994

அன்புள்ளவருக்கு,

மழை பிடித்துக்கொண்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பயனில்லை.

அம்மா வீட்டுக்கு வந்து, விவாகரத்துத் தாள் அனுப்பி மூன்று மாதமாகிறது. கையெழுத்து இடத்தில் என் பெயர் முத்திரை குத்தியாயிற்று. உங்களுடையதுதான் பாக்கி. ஒன்பது வருடம், நீங்கள் ஆணியை மிக்ஸியில் அரைப்பதை இசை என்று நம்பிக் குடித்தனம் நடத்தினேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சமாதானத்துக்குத் துண்டு கொடுத்து, குனிந்து மன்னிப்புக் கேட்டே என் இடுப்பு போயிற்று.

நாட்சுயோ

ஒசாகா, ஜூன் 16

நாட்சுயோ,

குத்தமாட்டேன் என்று சொல்லவில்லை. முத்திரையைத்தான் காணோம். நம் குடும்பப் பெயரில் கடையிலும் கிடைக்கவில்லை. "உபுகாதாவா? சொல்லித்தான் செய்யணும் சார்" என்றார் கடைக்காரர். நான் செய்யச் சொல்லவில்லை. அது என் தப்புதான்.

தோகுஜி

ஹிமேஜி, ஜூன் 20

அரிசி பிஸ்கட் டப்பாவில், பொத்தான்களுக்கு நடுவே இருக்கிறது. நான்தான் வைத்தேன்.

நாட்சுயோ

ஒசாகா, ஜூன் 24

நாட்சுயோ,

ஐயோ, அந்த டப்பாவா! நீ வீட்டை விட்டுப் போன வாரமே அதில் போல்ட்டுகளைப் போட்டு, மூடியை ஈயத்தால் பற்றவைத்து, மைக் ஒட்டிவிட்டேன். இன்று என் வாத்தியமே அதுதான். வேறு ஏழு டப்பாக்களைக் குலுக்கிப் பார்த்தேன், அந்த அலறல் வரவில்லை. ஜூலை 2 நிகழ்ச்சி வரை பொறு. மறுநாள் வெட்டிவிடுகிறேன்.

தோகுஜி

ஒசாகா, ஜூலை 3

நாட்சுயோ,

வெட்டிவிட்டேன். குத்திய தாளும், முத்திரையோடு டப்பாவும் இத்துடன். நீ கேட்டதில் ஒன்றையாவது கொடுத்தேன் என்றிருக்கட்டும்.

இப்போது எவ்வளவு சத்தம் போட்டாலும் "போதும், நிறுத்துங்க!" என்று கத்த வீட்டில் ஆளில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

தோகுஜி

ஹிமேஜி, ஜூலை 6

அவசரக்குடுக்கைக்கு,

யார் வெட்டச் சொன்னது? நான்தான். சரி.

போன சனிக்கிழமை உங்கள் நிகழ்ச்சி நடந்த நிலவறையில் கடைசியில் நின்ற தொப்பிக்காரி நான்தான். கைப்பையில் டின் ஓப்பனர் வைத்திருந்தேன். பக்கத்திலிருந்த பெண், "அக்கா, காதுக்குப் பஞ்சு வேணுமா?" என்றாள். "ஒன்பது வருஷப் பழக்கம்மா" என்றேன்.

நீங்கள் தரையில் புரண்டு டப்பாவைக் குலுக்கினீர்கள். முதல் பத்து நிமிடம் ஓடிவிடலாம் என்றிருந்தது. அப்புறம் அம்மாவின் புலம்பல், அண்ணியின் குத்தல், உங்கள் மேலிருந்த கோபம், எதுவுமே தலைக்குள் கேட்கவில்லை. அவ்வளவு சத்தத்தில் அவற்றுக்கு இடமில்லை. அழுதுவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்.

முடிந்ததும் வந்திருந்த பதினான்கு பேரையும் குனிந்து வணங்கி, துடைப்பம் வாங்கித் தரையைப் பெருக்கினீர்களே, வீட்டில் ஒரு நாளாவது பெருக்கியதுண்டா?

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும். பொத்தான், போல்ட், முத்திரை எல்லாவற்றையும் டப்பாவில் போட்டேன். தாளையும் மடித்து உள்ளே வைத்து, அண்ணன் பட்டறையில் மூடியைப் பற்றவைத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை கொண்டு வருகிறேன். துண்டு வாங்கி வையுங்கள், இனி குனிவது உங்கள் முறை.

உள்ளே தாள் இருப்பதால் சத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் வரும். பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் நாட்சுயோ