புகைமணியின் நாக்கு

டார்டன் கிராசிங், மிசிசிப்பி
அக்டோபர் 9, வியாழன்

அன்பு மகள் வெர்னெட்டாவுக்கு,

உன் அப்பா ஹோசியாவின் மாளிகைக்குத் தலைமைச் சமையற்காரனும், ஆஸ்தான நாவிதனும், மாத்திரை மந்திரியும், சக்கர நாற்காலிப் படையின் தளபதியும், இந்த ஆற்றின் இரு கரைகளிலும் ஈடு சொல்ல முடியாத அழகனுமாகிய உன் சித்தப்பன் எஸெல் எழுதுவது. இங்கே உன் அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிட்டேன். ஏன் முதலில் சொன்னேன் என்பது போகப் போகத் தெரியும்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. நீ டெட்ராய்ட்டிலிருந்து அனுப்பிய பிறந்தநாள் அட்டை எங்கள் தகரத் தபால் பெட்டியில் வறுபட்டு, அப்பளம் போல நொறுங்கிக் கைக்கு வந்தது. கொசுக்கள் இந்த வருஷம் நல்ல வளர்த்தி. நேற்று ஒன்று உன் அப்பாவின் தொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்து, தலைக்குச் சின்னது என்று திருப்பி வைத்துவிட்டுப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ வழக்கம்போலக் கேட்டாய், சமாளிக்கிறீர்களா சித்தப்பா என்று. நானும் வழக்கம்போல, உன் அப்பாவைப் போல இன்னும் நாலு பேரைக் கொடுத்தாலும் குளிப்பாட்டிவிட்டு, மத்தியானம் பருத்திக்காட்டை உழுதுவிட்டு வருவேன் என்றேன். நீ சிரித்தாய். பதினாலு மாதமாக நீ சிரிக்கிறாய் என்பதற்காகவே நான் இதைச் சொல்லி வருகிறேன்.

உன் அப்பா அப்படியேதான் இருக்கிறார். வலது கை அசையாது, வலது கால் அசையாது. பக்கவாதம் எல்லாச் சொற்களையும் அள்ளிக்கொண்டு போகும்போது ஒன்றை மட்டும் கீழே போட்டுவிட்டுப் போனது உனக்குத் தெரியும். "வேண்டாம்." கஞ்சி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார், கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிடுவார். குளிக்கலாமா என்றால் வேண்டாம் என்பார், தொட்டியை விட்டு எழுந்திருக்க மாட்டார். போதகர் இன்னும் கொஞ்ச நேரம் ஜெபிக்கட்டுமா என்று கேட்டபோது சொன்ன வேண்டாம் மட்டும் அசல் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அந்தச் சொல் என் காதில் விழுகிறது. ஆலைக்காரனுக்கு ஆலைச் சத்தம் போல அது இப்போது எனக்குக் கேட்பதே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்.

எனக்கு எழுபத்தொன்று. அவரைக் கட்டிலிலிருந்து தூக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வயது கூடுகிறது. அப்படிப் பார்த்தால் நான் இப்போது நோவாவுக்கு மூத்தவன்.

சரி, கித்தாருக்கு வருகிறேன். கூடத்துச் சுவரில் அவருடைய பழைய கித்தார் தொங்குகிறதல்லவா, சாப்பிடும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டு கை வேண்டும். அவரிடம் இருப்பது ஒன்று. அதனால் இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்படி ஒரு மின்கித்தார் செய்து தீர்ப்பது என்று முடிவெடுத்தேன். அவர் ஞாயிறு ஆராதனை முடிந்து பிடித்த சுருட்டுகளின் காலிப் பெட்டி ஒன்று, ஆணி போட்டு வைத்திருந்தது, அதுதான் உடம்பு. உடைந்த கட்டிலின் பக்கச் சட்டம், கழுத்து. கம்பிகள் தாண்டிப் போக இரண்டு போல்ட். கம்பி மூன்றே மூன்று, விரலால் எங்கும் அழுத்தாமல் சும்மா மீட்டினாலே ஒத்துப் பேசும்படி முறுக்கிக் கட்டியது. சாலமோன் தேவாலயம் கட்டியதும் இதைவிட வேகமாகத்தான் முடிந்திருக்கும்.

உடம்பு ஆயிற்று. ஒலிபெருக்கிக்குச் சேதி சொல்ல ஒரு காது வேண்டியிருந்தது. காசு அளவில் மெல்லிய பித்தளைத் தகடு, இரண்டு ஒயர். அதைப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டால் மரத்தில் படும் சின்ன அதிர்வையும் அது எடுத்துக் கொடுக்கும். அப்படிப்பட்ட தகடு இந்த வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. போன கிறிஸ்துமசுக்கு நீ ஏணியில் ஏறி அடுப்படிக் கூரையில் மாட்டி, தொடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாயே, புகை பட்டால் கூவும் அந்தப் புகைமணி. அது அலறுவது அந்தத் தகட்டால்தான். நான் சோளரொட்டி சுடும்போதெல்லாம் அலறி என் சமையலை அவமானப்படுத்தி வந்த பிராணி. ஏணி போட்டு ஏறி, நாக்கைப் பிடுங்கிவிட்டேன்.

மகளே, அந்தப் பெட்டி பாடியது. அவர் மடியில் அதைக் கிடத்தி, பக்கத்தில் நான் உட்கார்ந்து, என் சுண்டுவிரலில் ஒரு ஸ்பேனர் குழாயை மாட்டிக் கம்பிமேல் இழுப்பேன். அவர் இடது கையால் மீட்டுவார். தேவாலயத்தில் ஓய்வு பெற்ற சின்ன ஒலிபெருக்கி அதை ஊருக்கே சொல்லும். நான் சுருதி தப்பி இழுத்தால் வேண்டாம் என்று என் முழங்கையில் குத்துவார். மூன்று வாரம் தினமும் வாசித்தோம். அவர் முகத்தைப் பற்றி நான் எதுவும் பெருக்கிச் சொல்லப் போவதில்லை. வந்து பார்.

இனி எழுதப்போவதில் ஒரு சொல்லும் கூட்டியது இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் காராமணியை எலும்போடு அடுப்பில் வைத்துவிட்டு, கொஞ்சம் வாசித்தோம். பெட்டி அவர் மடியிலேயே இருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்தேன். சும்மா கண்ணை மூடலாம் என்றுதான். முந்தின ராத்திரி நாலு தடவை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்திருந்தேன். தூங்கிவிட்டேன். காராமணி வற்றி, கரிந்து, மூடிமேல் கிடந்த துணி பற்றி, ஜன்னல் திரையில் ஏறியது. புகை கூடத்துக்கு வந்தது. உன் அப்பா பார்த்தார். எழுந்திருக்க முடியாது. வேண்டாம் என்றார். எத்தனை தடவை என்று தெரியாது. தூக்கத்தில் எனக்குக் கேட்டது, வெர்னெட்டா. கேட்டுக்கொண்டே தூங்கினேன்.

அதற்கப்புறம்தான் அவர் இடது கை முஷ்டியால் பெட்டியை அடித்திருக்கிறார். ஒலிபெருக்கியை நான் அணைக்க மறந்திருந்தேன். வீட்டுக்குள் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணைத் திறந்தால் அவர் முகமே தெரியாத புகை. முதலில் அவரை நாற்காலியோடு வாசலுக்குத் தள்ளினேன். பிறகு ஈரப் போர்வையைப் போட்டு நெருப்பை அணைத்தேன். திரை போயிற்று, அடுப்புக்கு மேல் சுவர் கறுத்துவிட்டது. அவர் இரண்டு நாள் இருமினார், இப்போது இல்லை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பெட்டியின் மூடியில் ஒரு விரிசல்.

பக்கத்து வீட்டு யூலா மே அக்கா தன் கீரைச் சட்டியோடு ஓடி வந்தாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். புகைமணியின் வெறும் ஓடுதான் தொங்கிக்கொண்டிருந்தது. இதோட உள்ளே இருந்தது எங்கே என்று கேட்டாள். நான் கித்தாரைக் காட்டினேன். கையிலிருந்த சட்டியைத் தரையில் வைத்தாள்.

பிறகு சொன்னாள்: "எஸெல், அந்தப் பொண்ணுக்கு நீ எழுதுறியா, நான் எழுதட்டுமா? நான் எழுதினா சுருக்கமா எழுதிருவேன்."

நானே எழுதுகிறேன் என்றேன். அதற்கும் இரண்டு நாள் ஆகிவிட்டது.

இன்று காலை உன் அப்பாவிடம், பிள்ளையை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். ஆனால் மேசைமேல் கிடந்த பேனாவை இடது கையால் என் பக்கம் தள்ளிவிட்டவர் அவர்தான்.

ஆகவே, ஒரு புதுப் புகைமணி வாங்கிக்கொண்டு வா. தபாலில் அனுப்பாதே. கழற்றுவதற்கு ஏணியில் ஏறிவிட்டேன். மாட்ட ஏற முடியவில்லை. நேற்று ஏறிப் பார்த்தேன். இரண்டாவது படியில் நின்றேன், சுவரைப் பிடித்துக்கொண்டேன், இறங்கிவிட்டேன். பழைய தகட்டைத் திருப்பிக் கேட்காதே. உன் அப்பாவிடம் இப்போது இரண்டு சொல் இருக்கிறது, அதில் ஒன்று அது. நாலு நாள் விடுப்பு என்று அளந்துகொண்டு வராதே.

வரும் வழியெல்லாம் கர்த்தர் உன் வண்டிக்கு முன்னால் போகட்டும். கண் சொக்கினால் ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்கு, மகளே. நீயாவது தூங்கு.

சித்தப்பா
எஸெல்