வலது காது கார்டில், இடது காது ரொக்கத்தில்

அன்புக் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம், ஒரே ஒரு காதைத் தவிர. அந்தக் காதின் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் வாயாடிப் பேத்தியும் சளி இருமல் எதுவும் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய், நான் வாயைத் திறந்ததுமே "அப்பா, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

போன வாரம் நீ இரண்டு உத்தரவு போட்டாய். கிரெடிட் கார்டை உடனே ரத்து செய்யுங்கள், உங்கள் வயதுக்கு அது வீண் வம்பு என்பது ஒன்று. அம்மாவின் காது மெஷினுக்கு நானே பணம் அனுப்புகிறேன், நீங்கள் அலையாதீர்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் கேட்கப் போவதில்லை. கார்டு என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, பணம் அனுப்பினாயானால் வந்த வழியே திரும்பி வரும். கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படி.

மெஷின் வாங்கப் போன அன்றே நான் ஒரு கோமாளித்தனம் செய்தேன், உன்னிடம் சொல்லவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், பெரிய செலவு எதையும் ஒரே பக்கம் சாய்க்கமாட்டோம், பாதி இங்கே பாதி அங்கே என்று பிரித்துத்தான் கொடுப்போம். அதே புத்தியில் கடைப் பெண்ணிடம், வலது காதுக்குக் கார்டில் போடுங்கள், இடது காதுக்கு ரொக்கம் தருகிறேன் என்றேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒவ்வொரு காதுக்கும் ஒரு பில் போட்டது. உன் அம்மாவும் நான் ஏதோ பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைத்துத் தலையை ஆட்டினாள்.

மெஷின் வந்த பிறகு வீடே மாறிப்போனது. மாடியில் குடியிருக்கும் தையற்காரப் பெண் இறங்கி வந்தால் இருவரும் பேசிப் பேசி எனக்குக் காபி கிடைக்காது. டிவியின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாள், என் சத்தத்தையும்தான். பம்பு ஹவுஸில் மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தியே வேலை பார்த்தவன் நான், வீட்டிலும் அப்படியே கத்திக்கொண்டிருந்ததால்தான் அவள் காது மங்கியது எங்கள் இருவருக்குமே வெகு காலம் தெரியவில்லை. அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் யார் செய்தது என்பதை நான் போனில் பட்டும் படாமலும் விட்டுவிட்டேன். அவள் தோட்டைக் கழற்றினாலும் சாவியை எடுத்தாலும் கைக்குட்டை நுனியில் முடிந்துவைப்பவள் அல்லவா, குளிக்கப் போகும்போது இரண்டு மெஷினையும் கழற்றி அதே மாதிரி முடிந்து கட்டிலில் வைத்திருக்கிறாள். நான் அழுக்குத் துணியென்று அள்ளி வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். துணி மட்டும் நன்றாக வெளுத்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வந்தான். வந்தவன் சும்மா இருக்கக்கூடாதா, "வீட்டுலதானே இருக்காங்க, இந்த வயசுல அம்மா கேட்டு என்னப்பா பண்ணப் போறாங்க?" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கு அலைச்சல் வேண்டாமே என்றுதான் சொன்னான். அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்காது. ஆனால் அவன் முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், பிறகு மேஜைமேல் இருந்த மெஷினின் காலி டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினாள். உன் அண்ணனை அன்று நான் சாப்பிடக்கூடச் சொல்லவில்லை. கேட்டு என்ன செய்வாளாம்? அவள் இஷ்டத்துக்கு எதையாவது கேட்பாள், இல்லாவிட்டால் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பாள், அது அவள் உரிமை.

மறுநாளே கடைக்குப் போனேன். ரிப்பேர் ஆகாது என்று அந்தப் பெண் கையை விரித்தது, ஆனால் கிளம்பும்போது, வலது காதுக்குக் கார்டில்தானே வாங்கினீர்கள், சில கார்டுகளில் வாங்கிய பொருள் மூன்று மாதத்துக்குள் திருடு போனாலோ உடைந்தாலோ ஈடு தருவார்கள், கேட்டுத்தான் பாருங்களேன் என்றது. உன் அண்ணனிடம் சொன்னேன், சிரித்தான். கார்டின் பின்பக்கத்து நம்பருக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று மெஷின் பேசி, பாட்டுப் போட்டு, கடைசியில் ஒரு பையன் வந்து அப்படி ஒரு சலுகையே எங்களிடம் கிடையாது சார் என்றான். சரி தம்பி, கிடையாது என்பதை எழுத்தில் அனுப்பு, வாங்கிக்கொண்டு போனை வைக்கிறேன் என்றேன். உடனே குரல் மாறிவிட்டது. ஒரு நிமிஷம் சார் என்று மேலதிகாரி அம்மாளுக்கு மாற்றினான், அந்தச் சலுகை இருக்கிறதாம், யாரும் கேட்பதில்லையாம். கேட்காத காதுக்காக நான் கேட்டேன்.

பில், கார்டுக் கணக்கு, ரிப்பேர் ஆகாது என்று கடைக்காரர்களின் சான்று எல்லாம் அனுப்பினேன். துணியோடு துவைத்தது கவனக்குறைவு, விபத்து ஆகாது என்று முதலில் தள்ளிவிட்டார்கள். விட்டேனா, மறுபடியும் போன். நீங்களே வேண்டுமென்று போட்டுவிடவில்லையே என்று அந்த மேலதிகாரி அம்மாள் சந்தேகமாக இழுத்தார். "என் சம்சாரத்துக்குக் காது கேட்கலைன்னா எனக்குத்தாம்மா நஷ்டம், நான் திட்டுறதை வேற யாரு கேட்பா?" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் வலது காதுக்கு மட்டும்தான். இடது காது ரொக்கத்தில் வாங்கியது, அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பரிசு அது.

இப்போது இடது காது மெஷினுக்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று, இந்த முறை முழுக்கக் கார்டில். கார்டில் கரண்ட் பில் கட்டிக் கட்டிச் சேர்ந்த பாயிண்டெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தது, அதைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன், மிச்சத்துக்கு என் பென்ஷன் இருக்கிறது. நீயும் கேட்டுக்கொள். போன தடவை நீ வந்தபோது விமானக்காரன் உன் பெட்டியைத் தொலைத்து, மாற்றுத் துணிக்குக் கடை கடையாக அலைந்தாயே, டிக்கெட்டைக் கார்டில்தானே எடுத்தாய்? அந்தச் செலவைக் கேட்டு வாங்கியிருக்கலாமோ என்னவோ, நீயும் கேட்கவில்லை, மாப்பிள்ளையும் கேட்கவில்லை, படித்தவர்களுக்குக் கூச்சம் அதிகம். உங்கள் பிரிட்ஜுக்கு வாரண்டி முடிந்தாலும் கார்டுக்காரன் இன்னும் ஒரு வருஷம் சேர்த்துத் தருகிறானா என்று கேள். எல்லாக் கார்டிலும் எல்லாம் இருக்காது, கேட்பதில் என்ன குறைந்துவிடும். ஒன்று மட்டும், பில்லைத் தேதிக்குள் முழுதாகக் கட்டிவிடு, இல்லையென்றால் சலுகை நமக்கில்லை, வட்டி வாங்குகிறவனுக்குத்தான். யார் போனில் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே. நான் சொல்லமாட்டேன், அதற்காக நீ பயப்பட வேண்டாம்.

வலது மெஷின் வந்துவிட்டது. மாட்டியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "குழாய் சொட்டுதே, இவ்வளவு நாளா சும்மாவா இருந்தீங்க?" பம்பு ஹவுஸ்காரன் வீட்டில் குழாய் சொட்டுகிறது, மானம் போயிற்று. பீரோவைத் திறந்து காலி டப்பாவை எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தாள். இடது பக்கம் இன்னும் வராததால் பேச வேண்டுமானால் என்னை வலது பக்கம் உட்கார்த்திக்கொள்கிறாள், நான் குறை சொல்ல ஆரம்பித்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போன் அவள் கையில் இருக்கும், நான் எடுக்கமாட்டேன். கத்தாதே, மெதுவாகப் பேசு, வலது காதில்தான் வைத்திருப்பாள். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் சொல்லி அனுப்பிய காலம் முடிந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், போன மாதம் உன் தொண்டை கட்டியிருந்ததே, ஜலதோஷம் என்றாய், அது அழுத குரல் என்று தெரிந்தும் நான் நல்லா இருக்காளாம் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். இனிமேல் அந்த ஜலதோஷக் கதையெல்லாம் அவளிடம் நடக்காது கண்ணு, நீ ஹலோ சொல்லும்போதே அவளுக்குக் கேட்டுவிடும்.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். வாயாடிக்கு என் முத்தம். பணம் அனுப்பாதே.

இப்படிக்கு,
கார்டை ரத்து செய்யாத
உன் அப்பா